வியாபாரத்துக்கு டொமைன் (இணையதள முகவரிப் பெயர்) வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

பொள்ளாச்சியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை. 'செக்கு' என்பதை ஆங்கிலத்தில் எஸ் போட்டு எழுதுவதா, சி எச் போட்டா? இரண்டுமே காலியாக இருக்கிறது.

நாலைந்து பேருக்குப் போன் போட்டு, எழுத்துக்கூட்டாமல் பெயரை மட்டும் சொல்லி, வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோர் தட்டுவதே உங்கள் பெயர். மற்றதையும் வாங்கி இதற்கு ரீடைரக்ட் போட்டுவிடுங்கள், அதைத் தட்டுபவரும் இங்கேயே வந்து சேர்வார். அதற்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் பணம் கட்டணும். ழகரம் வரும் பெயர்களில் தொல்லை இன்னும் அதிகம். 'சோழா'வுக்கு எல் போடுபவரும் உண்டு, இசட் எச் போடுபவரும் உண்டு.

புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை விதி அனுமதிக்கும். ஆனால் 15-ஐத் தாண்டினாலே பாட்டில் லேபிளில் படிக்க முடியாது. நடுவில் ஹைபன் கூடாது. வாயால் சொல்லும்போது அது விட்டுப்போகும், வாடிக்கையாளர் வேறு யாருடைய தளத்திலோ போய் நிற்பார்.

டொமைன் காலி என்றால் டிரேட்மார்க்கும் காலி என்று அர்த்தமில்லை. மத்திய அரசின் டிரேட்மார்க் தேடல் தளத்தில் சமையல் எண்ணெய்க்கான 29-ஆம் வகுப்பில் பாருங்கள். மசாலாவும் விற்பீர்கள் என்றால் 30-லும். ஸ்பெல்லிங் வேறாக இருந்து உச்சரிப்பு ஒன்றாக இருந்தாலும் ஆட்சேபம் வரும். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பெயரைப் போட்டுப் பாருங்கள். முன்பு அங்கே சூதாட்டத் தளம் ஓடியிருந்தால் வேறு பெயர் தேடுங்கள்.

.காம் போய்விட்டது. .இன் போதுமா?

உள்ளூர் வியாபாரத்துக்குத் தாராளமாகப் போதும், .காமில் இருப்பவர் அதே தொழில் செய்யாதவரை. முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்த்து .ஸ்டோர், .ஷாப் என்று போகாதீர்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலை என்ன, 18% ஜிஎஸ்டி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். .ஏஐ அங்குவில்லா தீவுக்குரியது, குறைந்தது இரண்டு வருடத்துக்குக் கட்டணும். எண்ணெய்க் கடைக்கு அது எதற்கு?

தமிழிலேயே .இந்தியா என்று வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டாவது பெயராக. உள்ளுக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகத்தான் ஓடுகிறது. லிங்க்கை ஒட்டும்போது சில இடங்களில் அந்தக் கோவையே தெரியும். மெயில் முகவரியாகப் பல படிவங்கள் ஏற்காது.

வெப்சைட் செய்து தருபவரே டொமைனும் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். கணக்கை நீங்களே திறந்து, உங்கள் கார்டில் பணம் கட்டி, நேம்சர்வர் (தளமும் மெயிலும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லும் சர்வர்) மாற்றும் வேலையை மட்டும் அவரிடம் விடுங்கள். டொமைன் பதிவில் 'ரெஜிஸ்ட்ரன்ட்' இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அதற்கு உரியவர்; பில் யார் கட்டினார் என்பது பிறகு வாதாடத்தான் உதவும். ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்குங்கள். டொமைன் வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்கும் பூட்டை எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு தரச் சொல்லணும். .காம் என்றால், பதிவாகி 60 நாள் ஆகாமல் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) போகாது. ஆனால் அதே ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடும் வசதி பெரும்பாலும் உண்டு.

தொடர்பு மெயிலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் காலாவதியானால் மெயிலும் நிற்கும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் வந்து சேராது. ஜிமெயில் போன்ற வெளி முகவரி கொடுங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பும் போடுங்கள்.

.காம் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, தளம் திடீரென்று நின்றுவிட்டது.

மெயில் சரிபார்ப்பு லிங்க்கை அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். 15 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் பெயரை நிறுத்தி வைக்கணும், டொமைன் பெயர்களைக் கவனிக்கும் உலக அமைப்பான ஐகானின் விதி. ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள். அழுத்தினால் திரும்பி வந்துவிடும்.

.காம் பெயர் காலாவதியாகி ஒரு மாதம் ஆகிறது. கிடைக்குமா?

இன்றே முயலுங்கள். காலாவதிக்குப் பின் பெயரை வைத்திருக்க ரெஜிஸ்ட்ராருக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் அத்தனை நாளும் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சிலர் ஏலத்துக்கே விடுவார்கள். அவர் நீக்கிவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு. பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது, அதற்கப்புறம் முந்துபவருக்கு.

தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினோம். தளம் வருகிறது, மெயில் வரவில்லை.

நேம்சர்வரையே மாற்றியிருப்பீர்கள். அப்படி மாற்றும்போது பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எங்கே போகணும் என்று சொல்வது), டிஎக்ஸ்டி (மெயில் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க உதவுவது) ரெக்கார்டுகள் கூடவே வராது. பழைய பேனலைத் திறந்து அவற்றை அப்படியே புதிய இடத்தில் சேருங்கள். அடுத்த முறை நேம்சர்வரைத் தொடாமல், தளம் இருக்கும் சர்வரைக் காட்டும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். முந்தின நாளே அதன் டிடிஎல்-ஐ (பழைய விவரத்தை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவிட்டால் மாற்றம் சில நிமிடத்தில் தெரியும்.

'உங்கள் பெயரை சீனாவில் ஒருவர் பதிவு செய்யப் போகிறார், உடனே பதில் தரவும்' என்று மெயில் வந்திருக்கிறது.

பழைய ஏமாற்று. பதில் போட்டால் .சிஎன், .ஏசியா என்று வரிசையாக உங்கள் தலையில் கட்டுவார்கள். அழித்துவிடுங்கள்.