டீஎல் மெதியோனினில் பாதி வீணா?

கேள்வி: ஹங்வெல்லையில் முட்டைக் கோழி வளர்க்கிறேன். சோளம், சோயாப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு வாங்கி நானே தீவனம் கலக்கிறேன். புறக்கோட்டையில் மெதியோனின் வாங்கப் போனால், 'டீஎல்' என்று போட்டிருந்தால் பாதி வீண், விலை கூடினாலும் 'எல்' மட்டும் உள்ளதை வாங்குங்கள் என்கிறார்கள். உண்மையா?

பதில்: முட்டைக் கோழிக்கு டீஎல் மெதியோனினே போதும். கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மெதியோனின் ஓர் அமினோ அமிலம், புரதம் கட்டும் கல் போன்றது. ஒரே அமினோ அமிலம் எல், டீ என்று இரண்டு வடிவில் இருக்கலாம், இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல. தளமுனைவு ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, ஒன்று ஒரு பக்கம் திருப்பினால், மற்றது அதே அளவு மறுபக்கம் திருப்பும். தொழிற்சாலையில் இரசாயன முறையில் மெதியோனின் செய்யும்போது இரண்டும் சரிபாதியாக வருகின்றன. அதுதான் டீஎல். ஒன்றின் திருப்பத்தை மற்றது அழித்துவிடுவதால் அதன் கரைசல் ஒளியைத் திருப்பாது. 'எல்' என்றால் இடப்பக்கம் திருப்பும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். எல் மெதியோனினே தண்ணீரில் இடப்பக்கமும் ஐதரோகுளோரிக் அமிலத்தில் வலப்பக்கமும் திருப்பும். அந்த எழுத்து மூலக்கூறின் அமைப்பைக் குறிப்பது, திசையை அல்ல.

உடம்பு புரதம் கட்ட எல் வடிவம்தான் வேண்டும். கடைக்காரர் சொன்னதில் அது மட்டும் சரி. ஆனால் கோழியின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள ஒரு நொதியம் டீ மெதியோனினின் அமினோக் கூட்டத்தை, அதாவது நைதரசன் உள்ள பகுதியை, கழற்றிவிடும். வேறொரு நொதியம் அதைத் திரும்ப எல் வடிவமாகப் பூட்டும். அதனால் அந்தப் பாதியும் பயன்படுகிறது.

தீவனத்தில் சேர்க்கும் இன்னொரு அமினோ அமிலமான லைசின் அப்படியல்ல. அமினோக் கூட்டம் ஒருமுறை கழன்றால் கோழியால் அதைத் திரும்பப் பூட்ட முடியாது. டீ லைசின் தின்றும் பயனில்லை. நல்லகாலம், லைசினை நுண்ணுயிர் வைத்து நொதிக்கச் செய்து எடுப்பதால் எல் மட்டுமே வருகிறது. ஒன்று கவனியுங்கள்: கடையில் கிடைக்கும் எல் லைசின் ஐதரோகுளோரைட்டு 100 கிராமில் லைசின் ஏறக்குறைய 78 கிராம்தான்.

சோளம், சோயாக் கலவையில் முதலில் பற்றாமல் போவது மெதியோனின். 100 கிலோ தீவனத்துக்கு 100 முதல் 150 கிராம் டீஎல் மெதியோனின் பொதுவாகப் போதும். மீன்தூள் சேர்த்தால் இன்னும் குறையுங்கள். முதலில் இரண்டு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, அப்புறம் முழுத் தீவனத்தோடு கலக்குங்கள். ஒரு பிடி கூடப் போட்டால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். மெதியோனின் மிஞ்சினால் கோழி தீனியைக் குறைத்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் தேங்காய்ப் புண்ணாக்கு. அதில் லைசின் குறைவு. சோயா விலை ஏறும்போது சோயாவைக் குறைத்துத் தேங்காய்ப் புண்ணாக்கைக் கூட்டினால், எந்த மெதியோனின் வாங்கினாலும் முட்டை குறையும். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ போடுகிறீர்கள் என்று எழுதுங்கள், லைசின் சேர்க்க வேண்டுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.