குஷால் கான் கட்டக்: தொலைந்த நூல்கள் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: 17ஆம் நூற்றாண்டின் பஷ்தூன் தலைவரும் பஷ்தோ மொழிக் கவிஞருமான குஷால் கான் 350 நூல்கள் எழுதினாராமே?

பதில்: அந்த எண்ணை நம்பாதீர்கள். பட்டியலில் பேர் இருப்பது வேறு, பிரதி கையில் இருப்பது வேறு. கிடைத்திருப்பதே பெரிய செல்வம்: கவிதைத் தொகுப்பான திவான், ராஜாளி வளர்ப்பைச் சொல்லும் பாஸ்நாமா, ஸ்வாத் பள்ளத்தாக்கு பற்றிய ஸ்வாத்நாமா, தலைவனுக்கு வேண்டிய குணங்களையும் கலைகளையும் பேசும் தஸ்தார்நாமா.

கேள்வி: அவருடைய நாட்குறிப்பு தொலைந்துவிட்டதா?

பதில்: தனி நூலாக இல்லை. ஆனால் பேரன் அப்சல் கான், தாரீக்-இ-முரஸ்ஸா என்ற வரலாற்றில் தாத்தாவின் குறிப்புகளை நிறையச் சேர்த்துவைத்தார். அந்த வீட்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1664இல் ஔரங்கசீப்பின் ஆட்கள் குஷாலைப் பிடித்து, பிறகு ரண்தம்பூர் கோட்டையில் அடைத்தார்கள். பிரிவுத் துயரைப் பாடும் அவரது பிராக்நாமா சிறையில் பிறந்தது. மகன் பஹ்ராம் முகலாயர் பக்கம் போனான். இன்னொரு மகன், ஹிஜ்ரி என்ற பேரில் பாடிய அஷ்ரப் கான், பீஜப்பூர் சிறையிலேயே இறந்தார். அந்த அஷ்ரபின் மகன்தான் அப்சல். இத்தனைக்கும் நடுவில் காகிதங்களைக் காப்பாற்றிய அவருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை நூல்கள்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பழைய பஷ்தோ கவிஞர்களைப் பற்றிய பட்ட கஸானா என்ற நூலை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதன்படி பஷ்தோ கவிதை 8ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறதே.

பதில்: 1729இல் காந்தஹாரில் எழுதப்பட்டதாகச் சொல்லி, அப்துல் ஹை ஹபீபி 1944இல் காபூலில் வெளியிட்ட தொகுப்பு அது. மெக்கன்ஸி, கலந்தர் மொஹ்மந்த் போன்ற பஷ்தோ ஆய்வாளர்கள் அதன் பழமையைக் கடுமையாக மறுத்தார்கள். எனக்கும் அவர்கள் வாதம்தான் வலுவாகத் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் தொலைந்த நூல் எதுவுமே திரும்பி வராது என்கிறீர்களா? இது ஒரு இனத்தின் பெருமை ஐயா.

பதில்: அப்படிச் சொல்லவே இல்லை. குஷாலுக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த பாயஸீத் அன்சாரி, அதாவது பீர் ரோஷன் (ஒளியின் ஞானகுரு), எழுதிய கைருல் பயான் என்ற பஷ்தோ நூலும் தொலைந்ததாகத்தான் எண்ணினார்கள். எதிரி அகுந்த் தர்வேஸா அவரை இருளின் பீர் என்று ஏசியதே ஊரறிந்த கதையாக நின்றது. அப்புறம் ஜெர்மனியின் டூபிங்கனில் 1651இல் படியெடுத்த பிரதி இருப்பது தெரிந்து, 1967இல் பெஷாவரில் அச்சாயிற்று. அந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்துச் சோதிக்கலாம், சந்தேகப்படுபவரும் சோதிக்கலாம். பஷ்தூன்களின் பெருமைக்கு பீர் ரோஷனும் குஷாலும் போதும். பட்ட கஸானா போன்ற சந்தேகத்துக்குரிய பிரதியை அவர்கள் பக்கத்தில் வைக்கத் தேவையில்லை.

கேள்வி: 350 நூல்களின் பட்டியல் கிடைக்குமா?

பதில்: பட்டியல் வேறு, பிரதி வேறு. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: ஆங்கிலம் தெரிந்தால் ராவர்டி என்ற ஆங்கிலேயர் 1862இல் தந்த பஷ்தோ கவிதை மொழிபெயர்ப்புத் தொகுப்பு. ரஹ்மான் பாபா என்ற இன்னொரு பெரிய பஷ்தோ கவிஞரும் அதில் உண்டு. நடை பழையது, பொறுமையாகப் படியுங்கள்.