ஹவியேர் என்ற ஸ்பானியப் பெயருக்கு என்ன பொருள்? யாரெல்லாம் அந்தப் பெயரில் இருக்கிறார்கள்?

Javier என்ற எழுத்தைப் பார்த்து 'ஜேவியர்' என்று படிக்கத் தோன்றும். ஸ்பானியர் சொல்வது 'ஹவியேர்'. வேடிக்கை என்னவென்றால், இது முதலில் ஆள்பெயரே அல்ல, ஊர்ப்பெயர். வடக்கு ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் உள்ள ஊர் அது. அந்தப் பகுதியின் பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. இரண்டும் சேர்ந்து திரிந்ததுதான் ஹவியேர். ஆக, புதுவீடு! நம்மூர் 'புத்தூர்' போலத்தான்.

அங்குள்ள கோட்டையில் 1506-இல் பிறந்தவர் பிரான்சிஸ் சேவியர். ஆமாம், முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய அதே சவேரியார்தான். 1622-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் புகழால்தான் ஊர்ப்பெயர் பிள்ளைகளின் பெயராகப் பரவியது. கோட்டாற்றுச் சவேரியாரும் ஹவியேரும் ஒரே பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

பிரபலங்கள் என்றால், பெரு நாட்டின் ஹவியேர் பெரெஸ் தே குவேயார் 1982 முதல் 1991 வரை ஐ.நா. பொதுச்செயலாளர். நடிகர் ஹவியேர் பார்தெம் 2008-இல் ஆஸ்கர் வாங்கினார். கால்பந்தில் அர்ஜென்டினாவின் ஸனெத்தி, மாஸ்செரானோ. இப்போது அந்நாட்டு அதிபர் மிலேயும் ஒரு ஹவியேர்தான். அப்புறம், பெண்களுக்கு 'ஹவியேரா' என்றும் வைப்பார்கள், குறிப்பாகச் சிலியில்.