வளையலை அடகு வைத்து வாங்கும் பி.எட்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் மகளின் மேல்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க, மகளோடு வந்திருந்தார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்த பெண். "கவர்மென்ட் ஸ்கூல்ல வாத்தியாரே இல்லையாம் சார். பி.எட். போட்டுட்டா வேலை நிச்சயம்னு என் மச்சான் சொல்றாரு" என்றார் அப்பா. மச்சான் பார்த்து வைத்திருக்கும் கல்லூரியில் வகுப்புக்கே போக வேண்டாமாம், பணம் கட்டினால் போதுமாம். அம்மா வளையலை அடகு வைக்கத் தயாராக இருந்தார்.

அதுவரை ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்த நான், வளையல் பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் காலியிடம் வேறு, நியமனம் வேறு. பல இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டு ஓட்டுகிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறினாலும் 2018 அரசாணைப்படி இன்னொரு போட்டித் தேர்வு உண்டு. 2013இல் தேறியவர்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பி.எட். மட்டும் இருந்தால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மச்சானுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டின் போன் நம்பர்தான்.

மகள் வாயே திறக்கவில்லை. மத்தியானத்தில் என்னம்மா செய்வாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையனுக்குப் புளியங்கொட்டை வைத்து எண் சொல்லிக்கொடுக்கிறாளாம். "பத்து வரைக்கும் வர நாலு மாசம் ஆச்சு சார்." சொல்லும்போது முகத்தில் துளி அலுப்பில்லை.

அய்யா, இந்தப் பெண்ணுக்கு ஏற்றது சிறப்புக் கல்வி பி.எட்., அதாவது மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் படிப்பு. பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு. அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வைத்திறன், ஆட்டிசம் என்று பிரிவு எடுத்துப் படிக்கலாம். சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இதை நடத்துகிறது. வகுப்போடு குழந்தைகளிடம் நேரடிப் பயிற்சியும் உண்டு, ஏமாற்ற வழியில்லை. முடித்ததும், இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது.

தேவை எங்கே என்கிறீர்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சிபிஎஸ்இ பள்ளிகளும் சிறப்புக் கல்வியாளரை வைத்தாக வேண்டும். தெரப்பி மையங்கள் தனி.

தேன் தடவவில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் அரசின் வட்டார வள மையங்களில் இப்போது பலர் நிரந்தரமில்லாமல் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். வேலையும் உடம்பை உருக்கும். குழந்தை கடிக்கும், கிள்ளும். பொறுமை இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

"பைத்தியக்கார ஸ்கூல் டீச்சர்னா மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க?" என்றார் அம்மா. அந்த வார்த்தையை இனி மகள் முன்னால் சொல்லாதீர்கள் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

முதலில் அவள் உங்கள் வட்டார வள மையத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தக் கல்லூரியானாலும், அந்த ஆண்டுக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மச்சானிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். வளையல் கையிலேயே இருக்கட்டும்.