பெரட்டில் சொன்னது வெளிக்காட்டில் நடக்க

ஓய்வுபெற்ற இராணுவ சார்ஜன்கள் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து.

கேள்வி: வயது 25. செம்பனைத் தோட்டத்தில் புதிதாக மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலை கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கீழே ஒன்பது பேர். பாதிப் பேர் அப்பா வயது, மீதிப் பேர் வங்காளதேசிகள். காலைப் பெரட்டில் (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரம்) நான் சொல்வது ஒன்று, வெளிக்காட்டில் நடப்பது வேறொன்று. கத்தினால்தான் கேட்பார்களா?

பதில்: கத்தினால் முதல் வாரம் கேட்பார்கள், பிறகு அதுவும் பழகிப்போகும். இராணுவத்தில் ஒரு செக்‌ஷன் ஏறக்குறைய உங்கள் கூட்டம் அளவுதான். அதை நடத்துபவர் ஒரு கோப்ரல். கட்டளை கொடுக்க அவருக்கு ஒரு வரிசை கற்றுத் தருவார்கள்: நிலைமை என்ன, வேலை என்ன, எப்படிச் செய்வது, சாப்பாடு தண்ணீர் தளவாடம் எங்கே, யார் பொறுப்பு. அந்த வரிசையில் பேசிப் பாருங்கள். “ராத்திரி மழை, பள்ளத்துப் பாதை வழுக்கும். இன்று மேட்டுப் பக்கம் பன்னிரண்டு வரிசை முடிய வேண்டும். வெட்டுபவர் ஒருவர், பொறுக்குபவர் ஒருவர் என்று சோடி சேருங்கள். தண்ணீர் டாங்கி ரோட்டு முனையில். நான் கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) போனால் பெரியவர்தான் பொறுப்பு.” மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் அவர்கள் காதில் விழுவது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

சொல்லி முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். “நீங்கள் எந்த வரிசையில் ஆரம்பிக்கப் போகிறீர்கள்?” என்று இருவரிடம் கேளுங்கள். மொழி தெரியாதவர் கையால் காட்டினாலும் போதும். குழப்பம் எங்கே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது சோதனை. கட்டளை பாதி என்றால் சோதனை மீதி. கிளம்பும் முன் அரிவாளின் கூர், அதைக் கம்போடு இறுக்கும் ஆணி, தலைக்கவசம், பூட்ஸ் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள், கையால் ஆட்டிப் பாருங்கள். ஆணி தளர்ந்திருந்தால் அரிவாள் வெட்டுபவர் தலைமேலேயே வந்து விழும். மின்கம்பி போகும் வரிசைகளை வேலை தொடங்கும் முன்பே காட்டிக்கொடுங்கள். அலுமினியக் கம்பு உயரழுத்தக் கம்பியில் படவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அந்த மரங்களை என்ன செய்வது என்பதை அலுவலகம் முடிவு செய்யட்டும். அவசரத்தில் நீங்களாக “பார்த்து வெட்டு” என்று சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் இரண்டு முறை வரிசைக்குள் நடந்து வாருங்கள். உதிரிப்பழம் கீழே விழாத, அதாவது இன்னும் பழுக்காத, குலையை வெட்டியிருக்கிறார்களா? அதில் எண்ணெய் குறைவு, ஆலையில் கழித்துவிடுவார்கள். மரத்தடியில் உதிரி கிடக்கிறதா? அதுவும் நட்டம். தவறு செய்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் குலையைக் காட்டிப் பேசுங்கள். ஒன்பது பேர் முன்னால் திட்டினால் அவர் வேலையைத் திருத்த மாட்டார், உங்கள் முகத்தைத் தவிர்க்கத்தான் பழகுவார்.

பெரியவர்களிடம் “ஐயா, இந்தப் பள்ளத்தில் எந்தப் பக்கம் முதலில் வெட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். கேட்பதால் உங்கள் பதவி குறையாது. ஆனால் முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு முடிவு சொல்லாமல் நிற்பது கத்துவதைவிட மோசம். குலை எண்ணிக்கையை அவரவர் கண் முன்னால் எழுதுங்கள். கூலிக் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டால் எந்தத் தலைமைப் பாடமும் எடுபடாது. சாப்பாடு, தண்ணீர், நிழல் மூன்றிலும் நீங்கள் கடைசி ஆளாக இருங்கள். அதைச் சொல்லிக் காட்டாதீர்கள், அவர்களே பார்ப்பார்கள்.

கேள்வி: மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு இராணுவத்தில் சேர வேண்டும் என்கிறான். கொஞ்சம் குண்டு, ஓடினால் மூச்சு வாங்குகிறது. ஒருவர் பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆள்சேர்ப்புக்குக் கட்டணம் கிடையாது, விண்ணப்பம் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும்தான். அரச மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு உரியது. காலாட்படைக்கு ஆசைப்பட்டால் எல்லா இனத்தாரும் சேரும் ரேஞ்சர் ரெஜிமெண்ட் இருக்கிறது. பொறியியல், சிக்னல் போன்ற பிரிவுகளும் உண்டு.

உடற்தகுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் வரும். பள்ளித் திடலில் 400 மீட்டர் ஓடுபாதை இருந்தால் ஆறு சுற்று. முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். அடுத்த இரண்டு வாரம் அதைத் திருப்பிப் போடுங்கள். எட்டாவது வாரத்துக்குள் நிற்காமல் ஆறு சுற்று வந்தால் போதும். கடிகாரத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம். பையன்கள் கெடுத்துக்கொள்வது இங்கேதான். முதல் நாளே தார் ரோட்டில் தேய்ந்த காலணியோடு முழுத் தூரமும் ஓடுவார்கள். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், அதோடு நிறுத்திவிடுவார்கள். செம்மண் பாதையிலோ புல்லிலோ ஓடட்டும். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீரை ஒரு வேளையாக்குங்கள். நிறக்குருடு, தட்டைப் பாதம் இரண்டையும் கிளினிக்கில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். நிறக்குருடு பயிற்சியால் மாறாது. இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது அவனுக்கு நல்லது.

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோவில் தீமிதிக்கு இருபது இளைஞர்கள் தொண்டு செய்ய வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். எப்படிப் பிரிப்பது?

பதில்: நான்கு பேர் கொண்ட நான்கு குழு, ஒவ்வொன்றிலும் ஒருவர் தலைவர். நுழைவாயில், பூக்குழி, அன்னதானம், வண்டி நிறுத்தம். மீதி நால்வருக்கு எந்த வேலையும் கொடுக்காமல் உங்கள் பக்கத்திலேயே நிறுத்துங்கள். சும்மா நிற்கிறார்களே என்று யாராவது முணுமுணுப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தை காணாமல் போனாலோ ஒருவர் மயங்கி விழுந்தாலோ அனுப்ப ஆள் வேண்டுமே. நீங்கள் நான்கு தலைவர்களிடம் மட்டும் பேசுங்கள். இருபது பேருக்கும் நேரடியாகக் கட்டளை போனால் யாரும் யாருக்கும் கட்டுப்பட மாட்டார்கள். வெயிலில் நிற்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பாதையைக் கயிறு கட்டிக் காலியாக வைத்து, 999-ஐ யார் அழைப்பது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். காலில் தீப்புண் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) தடவ யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: ஜூலை 31-இல் ஏன் வீரர் தினம்?

பதில்: மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31. அது தொடங்கக் காரணமான சம்பவம் உங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களில்தான் நடந்தது: 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: கணவர் இராணுவத்தில் 21 ஆண்டு முடித்து ஓய்வூதியத்தோடு வந்துவிட்டார். ஐந்து மணிக்கே எழுப்புகிறார், போர்வை மடிப்பு சரியில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறார்.

பதில்: வீடு முழுவதையும் அவரே ஆய்வு செய்தால் எல்லாருக்கும் கஷ்டம்தான். ஒரு பகுதியை முழுமையாக ஒப்படையுங்கள்: தோட்டம், கார், மின்சாரக் கட்டணம், மளிகை வாங்குவது என ஏதாவது ஒன்று. அதில் நீங்கள் தலையிடக் கூடாது. பிள்ளைகள் அறையில் அவர் தலையிடக் கூடாது. நாற்பதை ஒட்டிய வயதில் சும்மா உட்கார முடியாது, வேலையும் தேடட்டும். முன்னாள் வீரர்களின் தொழிற்பயிற்சிக்குப் பெர்ஹெபாட் என்ற அரசாங்க அமைப்பு இருக்கிறது. தூக்கத்தில் அலறுவது, குடி கூடுவது, கை நீள்வது இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஒழுங்குப் பிரச்சினை இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் பேசுங்கள். கை நீண்டால் முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பூட்ஸ் போட்டு விரலிடுக்கு வெந்துபோகிறது.

பதில்: நடுப்பகலில் காலுறையை மாற்றுங்கள், அதிலேயே பாதி குணமாகும். இடுக்கை நன்றாகத் துடைத்துக் காய விட்டு, பவுடர் லேசாகப் போடுங்கள். ஈரத்தின்மேல் கொட்டினால் களியாகி உராயும். பூட்ஸுக்குள் இரவு செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை தாளை மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் மூடிக் கட்டுங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிச் சிறுநீர் கலந்திருக்கும். இறங்க நேர்ந்து பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புது பூட்ஸ் சாயங்காலத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் வாங்கினால் மாலையில் கடிக்கும்.