இறால் என்றால் வசவா?

வாசகர் கேள்விகளுக்கு, மண்டபம் பக்கத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படம் பார்த்தேன். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களை அதில் ‘இறால்’ என்று ஏசுகிறார்கள். அப்பா விசைப்படகில் போய்ப் பிடித்துவரும் இறாலில்தான் என் காலேஜ் ஃபீஸே கட்டுகிறோம். அது எப்படி வசவாகும்?
– கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்

பதில்: மகளே, நானும் கரையில் பிறந்தவள்தான். இறால்பாடு நன்றாக இருந்தால் அன்றைக்குத் தெருவுக்கே முகம் மலரும். ஆனால் அந்தப் படத்தில் அதற்கு அர்த்தமே சொல்லிவிடுகிறார்கள்: கடலடியில் கிடந்து மிச்சம்மீதியைப் பொறுக்கித் தின்பது. கதை நடக்கிற தென்னாப்பிரிக்க நகரமான ஜோஹன்னஸ்பர்க்கில் ‘பார்க்டவுன் இறால்’ என்று ஒரு பெரிய பூச்சியும் உண்டு. வீட்டுக்குள் வந்துவிட்டால் அலறுவார்கள். ஆளின் பேரைக் கேட்காமல் பூச்சியின் பேரை வைத்துவிட்டால் அப்புறம் வேலி போடுவது சுலபம்.

படம் வந்தது 2009-ல். இயக்குநர் நீல் புளோம்காம்ப் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். கேப்டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளினார்கள். படத்தின் தலைப்பு அதை நினைவுபடுத்துகிறது. இதற்கு முன்னால் அவர் ஒரு குறும்படம் எடுத்தார். அதற்காகத் தெருவில் போகிறவர்களிடம் பக்கத்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பற்றிக் கேட்டார். அவர்கள் சொன்ன பதிலை அப்படியே வேற்றுக்கிரகத்தாரைப் பற்றிச் சொன்னதாகச் சேர்த்துவிட்டார். அந்த வெறுப்பு வசனம் இல்லை மகளே, நிஜம். 2008-ல் அந்த நாட்டில் வெளிநாட்டவரைத் தேடித்தேடி அடித்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

என்னை உலுக்கியது துப்பாக்கிக் காட்சி எதுவும் இல்லை. கதாநாயகன் விக்கஸ், கையில் அட்டையும் தாளுமாகக் குடிசை குடிசையாகப் போகிறான். காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். வேற்றுக்கிரகத்தான் ஒருவன் கோபத்தில் அந்த அட்டையைத் தட்டிவிடுகிறான். தாளில் கீறல் விழுகிறது. அதையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போகிறான். அவன் கொடுமைக்காரன் இல்லை. கொடுத்த வேலையைச் செய்கிற ஆள், அவ்வளவுதான்.

அந்த அட்டையை நானும் பிடித்திருக்கிறேன். இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்கள் தங்கும் மண்டபம் முகாமின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். வருஷா வருஷம் மேலே கணக்கு அனுப்ப வேண்டும். “முகாம் பிள்ளைங்க எந்திரிங்க” என்பேன். எண்ணி எழுதிக்கொண்டு “உக்காருங்க” என்பேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர்கள் எழுந்து நிற்கும்போது மற்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தும் இருக்கிறேன். கவனித்துவிட்டு, எண்ணிக்கை சரியா என்றுதான் பார்த்தேன். எல்லா விவரமும் பதிவேட்டிலேயே இருந்தது. எழுப்பியிருக்கவே வேண்டாம்.

அந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளிகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம். அன்றைக்கு நம் ஆட்கள் அந்த வரிசையில் நின்றார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021-ல் அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம். கடைத்தெருவில் மட்டும் இன்னும் ‘அகதி’ போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இவ்வளவு பேசுகிற அந்தப் படமே நைஜீரியர்களை வேற்றுக்கிரகத்தாரின் மாமிசம் தின்னும் ரவுடிக் கும்பலாகக் காட்டுகிறது. நைஜீரிய அரசு தன் நாட்டுத் திரையரங்குகளில் அதை நிறுத்தச் சொன்னது. அந்தக் கோபம் நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: தமிழில் இப்படி ஒரு படம் ஏன் இல்லை?
– வாசகர், பாம்பன்

பதில்: வேற்றுக்கிரகத்தார் நமக்குப் புதுசில்லை. 1963-லேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வந்துவிட்டது. 2024-ல் ‘அயலான்’ வந்தது. நீங்கள் கேட்கிற மாதிரி, வந்தவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையே கதையாக வைத்த படம் இனிமேல்தான் வர வேண்டும். அதற்குச் செட் போடவே வேண்டாம், நம் கரையே போதும்.

‘அயலான்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அயல் நாட்டுக்காரனும் அயலான், அயல் வீட்டுக்காரனும் அயலான். முகாமிலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ‘எனது ஊர்’ கட்டுரையில் “எங்கட அயலட்டைச் சனம் எல்லாரும் ஒண்டாய்த்தான் படகேறினாங்கள்” என்று எழுதியிருந்தாள். ‘அயலட்டை’யைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘அக்கம்பக்கம்’ என்று எழுதினேன். ‘ஒண்டாய்’க்கு ஒரு வட்டம். பத்துக்கு ஐந்து மார்க். படகில் ஏறிய கதையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அயலட்டை நல்ல தமிழ்ச் சொல். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இன்றைக்கும் புழங்குகிறது. தமிழ் படித்த எனக்கு அது பிழையாகத் தெரிந்ததற்குக் காரணம், அதைச் சொன்ன வாய் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ‘டிஸ்ட்ரிக்ட் 9’ காட்டலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம் அம்மா, ரத்தம் தெறிக்கும் படம். 1982-ல் வந்த ‘ஈ.டி.’யைப் போட்டுக் காட்டுங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள். கடைசியில் பெரியவர்கள் கவச உடையோடு அந்த வீட்டுக்குள் நுழையும்போது பையன் பயப்படுவான். யாரைப் பார்த்துப் பயந்தாய் என்று அப்போது கேளுங்கள்.