திருமங்கலத்து அம்மாவுக்கு: மகள் நில அதிர்வு படிக்கட்டுமா?

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடத்தில் இருக்கும் மகள், புவி இயற்பியல் படித்து எண்ணெய் தேடும் வேலைக்குப் போவேன் என்கிறாள். பொம்பளப் பிள்ளை காட்டிலும் கடலிலும் அலையணுமா, பி.எட். முடித்து டீச்சராகப் போனால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் படிக்க விடுங்கள். ஆனால் எண்ணெய்க் கம்பெனியை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். எண்ணெய் தேடப் பயன்படும் இதற்கு நில அதிர்வு ஆய்வு என்று பெயர். குழியில் வெடி வைத்தோ, தரையை அதிரவைக்கும் லாரியைக் கொண்டோ நிலத்துக்குள் ஓர் அலையை அனுப்புவார்கள். பாறை அடுக்கு மாறும் இடங்களில் அது மோதித் திரும்பும். மேலே வரிசையாக ஊன்றிய ஜியோபோன்கள் அதைப் பிடிக்கும். கைக்குள் அடங்கும் கருவிதான். அடியில் கூரான ஆணி, உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும். தரை லேசாக அசைந்தாலே மின்னழுத்தம் எழும். அலை போய்வர 2 விநாடி, பாறையில் அதன் வேகம் விநாடிக்கு 3000 மீட்டர் என்றால், அடுக்கு 3 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. கணக்கு இவ்வளவுதான் என்றால் ஆளே தேவையில்லை. தோட்டத்து மோட்டார், ரோட்டில் போகும் லாரி, மரத்தை ஆட்டும் காற்று எல்லாம் சேர்ந்தே பதிவாகிவிடும். ஒரே புள்ளியைத் தொட்டு வந்த 64 பதிவுகளைச் சரிசெய்து கூட்டினால், தாறுமாறான இரைச்சலுக்கு எதிரே சிக்னல், ஒற்றைப் பதிவில் இருந்ததைவிட 8 மடங்கு தூக்கித் தெரியும். இந்தச் சலித்தெடுக்கும் வேலை முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான். மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. இதற்கென்றே டேராடூனில் ஜியோபிக் என்ற மையம் வைத்திருக்கிறது. களப்பணியும் உண்டு, ஆனால் ஆயுசுக்கும் அலைச்சல் இல்லை.

இதையும் மகளிடம் சொல்லுங்கள்: எண்ணெய் தேங்கக்கூடிய அமைப்பைத்தான் அலை காட்டும், இருக்கிறதா என்பது துளை போட்டால்தான் உறுதி. நம் மதுரைக்கு அடியில் கடினப் பாறை. அங்கே யாரும் தேட மாட்டார்கள். கிழக்கே ராமநாதபுரம் பக்கம், மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறை. அங்கே கிடைக்கும் எரிவாயுவில்தான் வழுதூர் மின்நிலையம் ஓடுகிறது.

இனி என் கவலை. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் ஆள் எடுப்பது நின்றுபோகும். காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு 2020-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் விவசாயிகளின் பயம் நியாயமானது. ஆனால் இரைச்சலுக்குள் சிக்னலைப் பிரித்தெடுக்கக் கற்றவளுக்கு நிலத்தடி நீர், நிலநடுக்க ஆய்வு, சுரங்கப்பாதை என்று வேறு வாசல்கள் உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் போகலாம்.

வழி, எம்.எஸ்சி. சேர ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வுதான். இயற்பியல் தாள் எழுதினால் ஐ.ஐ.டி. மும்பையிலும் தன்பாத்திலும் பயன்பாட்டுப் புவி இயற்பியலுக்கு முயற்சி செய்யலாம். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும், தேதியைத் தவறவிடாதீர்கள். மாற்றாக விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிறகு, மேற்படிப்புக்கும் சில அரசு நிறுவன வேலைகளுக்கும் உதவும் கேட் (GATE) தேர்வு.

பணம் கட்டுமுன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். நெதர்லாந்துக் கடற்பகுதியின் எஃப்3 நில அதிர்வுத் தரவு இணையத்தில் இலவசம். அதைத் திறக்கும் ஓபன்டிடெக்ட் மென்பொருளும் இலவசம். ஒரு மாதம் அதோடு உட்காரட்டும், அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கையும் பைத்தான் நிரல் மொழியையும் சேர்த்துப் படிக்கட்டும். அலுக்காமல் உட்கார்ந்தால் ஜாமுக்கு விண்ணப்பியுங்கள். அலுத்துவிட்டால், பி.எட். அடுத்த வருடமும் இருக்கும்.